கராபோ என்று கூப்பிடாதவள்

எங்கள் ஆப்பிரிக்க மலையூரான மொகொட்லோங்கில் புதுத் தார்ச்சாலையும் பழைய வண்டிப்பாதையும் பிரிகிற முக்கில், எண்ணெய்ச் சட்டி வைத்து மைதா உருண்டை பொரித்து விற்கிறாளே திசெபோ, அவளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். அப்படி ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் பெயரை ஒரு தரம்கூட வாய் தவறிச் சொன்னதில்லையாம்.

மாமனார் பெயர் கராபோ. எங்கள் பாஷையில் அதற்குப் பதில் என்று பொருள். அதனால் பதில் என்ற சொல்லையும் அவள் தொடுவதில்லை. 'திருப்பிச் சொன்னது' என்றுதான் சொல்வாள். மருமகள்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்தக் காலத்துப் பெண்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை பிறந்து அது அழ ஆரம்பித்ததும் எல்லாம் பறந்துவிடும். திசெபோ மட்டும் விடாப்பிடியாக இருந்தாள். குழாயடியில் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மாமியாருக்குத் தலை கால் புரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது மரியாதையே இல்லை. அசல் வயிற்றெரிச்சல்.

கராபோ என்ற பெயரை எங்கள் பக்கம் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். மொகொட்லோங்கை ஒட்டிய திசெபோவின் பிறந்த ஊரில், அடுத்த வீட்டில், இன்னொரு கராபோ இருந்தாள். இரண்டு பேரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம். தினமும் ஓடிப் போய் ஓடி வருவார்கள். எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் சொந்தக் கையே தெரியாது. ஒரு அடி தப்பினால் பள்ளம். அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. பின்னால் வருகிறவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் காதில் விழுந்ததும் முன்னால் போகிறவள் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஏய், ஓய் என்று கூப்பிட்டால் கணக்கில்லை. மாடு மேய்க்கிற பையன்கள் மலை முழுக்க அப்படித்தான் கத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்களில் நின்றவள் பெரும்பாலும் திசெபோதான். அவள்தானே முன்னால் ஓடினாள்! பள்ளி ஓட்டம், மாவட்ட ஓட்டம், அரசர் பிறந்தநாள் ஓட்டம், எதை எடுத்தாலும் திசெபோ முதல், கராபோ இரண்டாவது. கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் எங்கள் நாட்டுக்காரர் மாரத்தானில் தங்கம் வாங்கினாரே, அந்த வருஷம் இவர்களுக்குப் பதினாறு வயது. ரேடியோவில் சேதி வந்த அன்று முழு ஊரும் கம்பளியை வீசிக்கொண்டு ஆடியது. அன்று சாயங்காலம் மலைமுகட்டில் உட்கார்ந்து கராபோ சொன்னாள்.

"அடுத்து நீதான்டீ போவ. நான் உன் பையைத் தூக்கிட்டு வரேன்."

"பையை நானே தூக்கிக்குவேன். நீ கொடியைத் தூக்கு," என்றாள் திசெபோ.

பெரிய மனசு! ஜெயிக்கிறவளுக்குப் பெரிய மனசு வருவதில் என்ன கஷ்டம்?

நாலு வருஷம் கழித்து அடுத்த காமன்வெல்த் போட்டி வந்தது. பெண்கள் மாரத்தானுக்கு ஒரே ஒரு இடம். எங்களைப் போன்ற சின்ன நாட்டில் எதற்குமே ஒரு இடம்தான். தலைநகர் மசேருவில் தேர்வு ஓட்டம் என்று அறிவித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் திசெபோ பெல்லோவோடு போய்விட்டாள். பெல்லோ வைரச் சுரங்கத்தில் வண்டி ஓட்டுகிறவன், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவன் இழுத்துக்கொண்டு போனான் என்று பிற்பாடு சொன்னதெல்லாம் சும்மா. தன் காலால்தான் நடந்து போனாள். அங்கே அவளுக்காக ஆடு வெட்டி, இடுப்பில் கம்பளி சுற்றி, தலையில் துணி கட்டி, இன்னும் பிறக்காத பிள்ளையின் பெயரால் மாதபேலோ என்று புதுப் பெயர் வைத்தார்கள். எல்லாம் முடிந்த மறுநாள் மாமியாரிடம் தேர்வு ஓட்டம் பற்றி மெல்ல வாயைத் திறந்தாள்.

"என்னது? அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டா?" என்றாள் மாமியார். "நாங்க மாடு குடுத்துக் கூட்டிட்டு வந்தது மருமகளையா, மலைக்குதிரையையா?"

அவ்வளவுதான். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. கராபோ மசேருவுக்குப் பஸ் ஏறும் முன் அவளைப் பார்க்க வந்தாள். திசெபோ பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாயேன்டீ. ராத்திரி பஸ்ஸுல வந்துட்டுத் திரும்பிடலாம். நீ வந்தா நான் ரெண்டாவதுதான், எனக்குத் தெரியும். பரவாயில்ல, வா."

"எனக்கு வேலை இருக்கு."

"பேர் சொல்லியாவது வழியனுப்பு."

திசெபோ பானையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது எங்க மாமா பேரு. நான் சொல்லக் கூடாது," என்றாள்.

கராபோ தன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்தப் புகழ்பெற்ற மரியாதை.

கராபோ தேர்வில் ஜெயித்தாள், கடல் தாண்டிப் போனாள். தொடக்க விழாவைக் கடைக்காரர் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். பெரிய நாட்டுக்காரர்கள் திருவிழாக் கூட்டம் போல வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு கைப்பிடி. கம்பளி போர்த்தி, கூம்புத் தொப்பி வைத்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்கள். இரண்டாவது வரிசையில் கராபோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனாள். அந்தத் தொப்பிக்குள் இருக்க வேண்டியது என் தலை என்று திசெபோவுக்கு வயிறு பற்றி எரிந்தது. வயிற்றில் பிள்ளை வேறு. பிள்ளைதான் உதைக்கிறது என்று மாமியார் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

ஓட்டத்தில் கராபோ கடைசிக்கு மூன்றாவதாக வந்தாள். அன்று திசெபோ சோளக்களி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆனால் பாருங்கள் அநியாயத்தை! கடைசிக்கு மூன்றாவதாக வந்தவளுக்கு ராணுவத்தில் வேலை கிடைத்தது. மசேருவில் குடியிருப்பு, மாதச் சம்பளம். அதற்கப்புறமும் இரண்டு முறை போட்டிக்குப் போய் வந்தாள். ஒரு தரமும் பதக்கம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தரமும் ரேடியோவில் பேட்டி, பள்ளிக்கூடத்தில் வரவேற்பு. ஊருக்கு வரும்போதெல்லாம் நேரே திசெபோவின் சட்டிக்கு முன்னால் வந்து நிற்பாள். திசெபோ இருப்பதிலேயே சின்ன உருண்டையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். கராபோ அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றுவிட்டுப் போவாள். ஒரு தடவை அணியில் கொடுத்த மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். பச்சையும் நீலமுமாக, முதுகில் நாட்டின் பெயர் போட்ட கோட்டு. திசெபோ அதைப் போடவே இல்லை. பிசைந்த மாவு உப்புவதற்கு மேலே போர்த்தி வைத்தாள். நாட்டின் பெயர் மாவுக்கு மேலே குப்புறக் கிடந்தது.

ஊரில் யாராவது கராபோவின் பேச்சை எடுத்தால் 'அந்தப் பொம்பளை', 'ராணுவக்காரி', 'ஓடுகிறவள்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வாள். கேட்கிறவர்கள் நெகிழ்ந்து போவார்கள். அடடா, மாமனார் மேல் எத்தனை மரியாதை!

அந்த மாமனாருக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம். கிழவர் இளமையெல்லாம் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்தில் கழித்தவர். சுரங்கத்துப் புழுதி நெஞ்சில் இறங்கி, குரல் போய், இப்போது காற்றுத்தான் வரும். பகலெல்லாம் மருமகளின் சட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அனலில் குளிர் காய்வார். வாங்க வருகிறவர்களிடம் பழங்கதை சொல்வார்.

"எழுபத்திரண்டுல மியூனிக் ஒலிம்பிக்குக்கு நம்ம நாட்டுல இருந்து போனது ஒத்த ஆளு," என்பார். "என்கூட வேலை பாத்த ஜூலுக்காரன் கேட்டான், உங்க அணியில மத்தவனெல்லாம் எங்கடான்னு. ஆடு மேய்க்கப் போயிருக்கானுங்கன்னு சொன்னேன். அடுத்த ஒலிம்பிக்குக்கு அந்த ஒத்த ஆளும் இல்ல. ஆப்பிரிக்காவே போகமாட்டேன்னு நின்னுச்சு, நாமளும் நின்னோம். இன்னிய வரைக்கும் ஒலிம்பிக்குல ஒரு பித்தளைத் துண்டு உண்டா நமக்கு? இல்ல. ஆனா ஒவ்வொரு தரமும் போறோம் பாரு. அதுக்கு ஒரு திமிர் வேணும்."

ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டே வந்தவர் மருமகள் பக்கம் திரும்பினார். "மாதபேலோ, உன் மரியாதையில கொஞ்சம் காந்தல் வாடை வருதேம்மா."

"உருண்டை தீஞ்சுபோச்சு மாமா," என்றாள் அவள். சட்டியில் ஒன்றும் தீயவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. அடுத்த போட்டி ஆஸ்திரேலியாவில் என்று சேதி வந்தது. கராபோவுக்கு வயது முப்பத்தைந்து. இதுதான் கடைசி, இந்த முறை போனால் கொடி பிடிக்கிற ஆளாகப் போவாள் என்று ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தாக வேண்டும், இரண்டாவதாக வந்தால் ராணுவக் குடியிருப்பில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். அந்தத் தேர்வை உயரமான இடத்தில் வைக்கிறோம் என்று எங்கள் மொகொட்லோங்குக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஊருக்கு மேலே மலைச்சாலையில் போய்த் திரும்பி, திசெபோவின் முக்கு வழியாகத் தார்ச்சாலையில் ஏறி, விமானத் திடலில் ஓட்டம் முடியும். வழிகாட்ட ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கம்பில் வெள்ளைக் கொடி கட்டினார்கள்.

வெள்ளைக் கொடி! கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா? எங்கள் ஊரில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி பறந்தால் உள்ளே சோளச் சாராயம் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பென்றால் இறைச்சி, பச்சையென்றால் கீரை. மசேருவிலிருந்து வந்தவர்களுக்கும் இது தெரியும், அவர்களும் அந்தக் கொடியைத் தேடிப் போய்க் குடித்தவர்கள்தான். ஆனால் ஓட்டத்துக்குக் கொடி கட்டும்போது ஒருத்தருக்கும் அது தலையில் ஏறவில்லை. திசெபோவின் முக்கிலிருந்து பழைய வண்டிப்பாதையில் இறங்கினால் முதல் வீடு மாநெயோவுடையது. புருஷன் போன பிறகு சாராயம் காய்ச்சிப் பிழைக்கிறவள். அவள் வாசலில் வெள்ளைக் கொடி எப்போதும் உண்டு.

முந்தின நாள் சாயங்காலம் ஓட வந்த பெண்கள் பாதையைப் பார்க்க நடந்து போனார்கள். அதில் மசேருக்காரி ஒருத்தி, இருபத்து நாலு வயதிருக்கும், சிவப்புக் காலணி போட்டவள், சட்டியருகே நின்றாள்.

"இது என்ன எண்ணெய்? போன வாரத்து எண்ணெயா?"

"போன வருஷத்து எண்ணெய். பழசானாத்தான் ருசி," என்றாள் திசெபோ.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கூட வந்தவளிடம் திரும்பி, "அந்தக் கராபோக் கிழவியை மட்டும் தாண்டிட்டாப் போதும்டீ. பாவம், இன்னும் எத்தனை வருஷம்தான் அந்த இடத்தைப் பிடிச்சுத் தொங்குவா," என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கிழவியா? திசெபோ கராபோவுக்கு இரண்டு மாதம் மூத்தவள். கரண்டியைச் சட்டியில் ஓங்கி ஒரு போடு போட்டாள், எண்ணெய் கையில் தெறித்தது. கராபோவைத் திட்டுவதற்கு இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. இந்தச் சிவப்புக் காலணி யார் நடுவில்?

மறுநாள் காலை மூடுபனி வந்து உட்கார்ந்தது. ஊர் ஜனம் முழுக்க விமானத் திடலுக்குப் போய்விட்டது. முக்கில் இருந்தது திசெபோவும், நாற்காலியில் மாமனாரும், கொடிக்கம்பத்துக்குக் காவலாகப் போட்ட ஆள் ஒருவரும்தான். அந்த ஆள் குளிரில் கொஞ்ச நேரம் குதித்தார். பிறகு, "பொண்ணுங்க வர நேரமாகும், ஒரு வாய் ஊத்திக்கிட்டு வந்துடறேன்," என்று மாநெயோ வீட்டுப் பக்கம் இறங்கிப் போனார். அவர் போன பிறகு காற்று ஒரு தூக்குத் தூக்கியது. கம்பு சாய்ந்து, கொடி சேற்றில் விழுந்தது.

திசெபோ பார்த்தாள். எழுந்து நட்டிருக்கலாம், நாலு எட்டு வைத்தால் போதும். கையெல்லாம் மாவு. நமக்கென்ன என்று உட்கார்ந்தே இருந்தாள்.

மேலே சாலையில் காலடிச் சத்தம் கேட்டது. பார்க்காமலே அவளுக்குத் தெரியும் அது யாரென்று. வலது கால் கொஞ்சம் கனமாக விழும், இடது கால் தொட்டுவிட்டு ஓடும். பன்னிரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தமாயிற்றே. பனிக்குள்ளிருந்து கராபோ வந்தாள். ஒல்லியாகி, கன்னம் ஒட்டி, ஆனால் முதலாவதாக. முக்கில் ஒரு கணம் தயங்கினாள். தார்ச்சாலைப் பக்கம் கொடி இல்லை. பழைய பாதையில் கீழே, பனி விலகின இடத்தில், ஒரு வெள்ளைக் கொடி ஆடியது. ஊரைவிட்டுப் போய் மசேருவில் இருக்கிறவள். அங்கே மாநெயோ கடை போட்டது அவளுக்கு எங்கே தெரியும்? விறுவிறுவென்று சாராயக் கடையைப் பார்த்து இறங்கினாள்.

திசெபோவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. போ, நன்றாகப் போ. போய் மாநெயோவிடம் ஒரு குவளை வாங்கிக் குடி. ஊர்க்காரி, ஊர் வழி தெரியவில்லை! மழைக்கோட்டு கொடுக்க வந்தாளாம்.

அப்போது கொடிக்காரர் வேறு பக்கமாக, வேலிச் சந்து வழியாக, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். விழுந்து கிடந்த கொடியைப் பார்த்து, "ஐயையோ!" என்று நட்டு நிமிர்த்தினார். அவர் கையை எடுக்கவும் சிவப்புக் காலணி வரவும் சரியாக இருந்தது. மசேருக்காரி கொடியைப் பார்த்தாள், தார்ச்சாலையில் திரும்பினாள், பனிக்குள் போய்விட்டாள்.

"இவதான் முதலா வர்றா, ம்?" என்றார் கொடிக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது திசெபோவுக்கும் கிழவருக்கும்தான். கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது.

திசெபோவின் சிரிப்பு நின்றுபோனது. சிவப்புக் காலணி போய்க் கம்பளி போர்த்துமா? கூம்புத் தொப்பியை அது வைத்துக்கொள்ளுமா? அது என் இடம். என் இடத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவள் ஒருத்திதான். அவள் கொண்டு போனதையே இத்தனை வருஷமாக ஜீரணிக்க முடியவில்லை. இப்போது எவளோ ஒரு மசேருக்காரிக்கா? யாரைப் பார்த்து நான் வயிறு எரிவது? அவள் அம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது!

எழுந்து பாதையோரத்துக்கு ஓடினாள். "ஏய்! அந்தப் பக்கம் இல்ல! ஏய், நில்லு!" என்று கத்தினாள்.

கீழே பனிக்குள் கராபோ திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். யாரோ உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். காலையிலிருந்து மலைச்சாலை முழுக்க மாடு மேய்க்கிற பையன்கள் அப்படித்தானே கத்தினார்கள். கால் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. வலது கனமாக, இடது லேசாக.

திசெபோ மாமனாரைப் பார்த்தாள். மாமனார் அவளைப் பார்த்தார்.

"கராபோ!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. மலையில் மோதித் திரும்பி வந்தது. "கராபோ! கராபோ!"

கால் சத்தம் அந்த இடத்திலேயே நின்றது.

கொடிக்காரர் வாய் துடைத்த துணியைக் கீழே போட்டுவிட்டார். மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகள் அவர் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவதை அந்த ஆள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. திசெபோ திரும்பிப் பார்க்கவில்லை. "மேல வாடீ! அது சாராயக் கடைடீ, குருட்டு முண்டம்! தார் ரோட்டுல போ! சிவப்புக் காலணி முன்னால போயிட்டா!"

கராபோ பனியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நின்று பேச நேரமில்லை. திசெபோவைத் தாண்டும்போது ஒரே ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தார்ச்சாலையில் ஏறி ஓடினாள்.

திசெபோ சட்டிக்கு வந்து உட்கார்ந்தாள். உருண்டைகள் கருகிப் போயிருந்தன.

"மாமா, தப்பு பண்ணிட்டேன்," என்றாள் தலையைக் குனிந்தபடி. "அம்மா வீட்டுல இருந்து ஆடு கொண்டாந்து தப்பைக் கழிச்சிடறேன்."

கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னையா கூப்பிட்ட?"

"இல்ல மாமா. அவளை."

"அவளைக் கூப்பிட்டதுக்கு எனக்கு எதுக்கும்மா ஆடு?" என்றார் கிழவர். கொஞ்ச நேரம் இருமினார். "அப்ப இத்தனை வருஷம் கூப்பிடாம இருந்தியே, அதுவும் எனக்காக இல்லதானே?"

திசெபோ கருகின உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள்.

விமானத் திடலின் கடைசி ஏற்றத்தில் கராபோ சிவப்புக் காலணியைத் தாண்டிவிட்டாள் என்ற சத்தம் முக்கு வரை கேட்டது. மத்தியானம் ராணுவச் சட்டையோடு, நொண்டிக்கொண்டு, சட்டிக்கு முன்னால் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பேர் காதுல விழுந்ததும் கால் தானா நின்னுடுச்சுடீ," என்றாள். "நான் நிறுத்தலை. அதுவா நின்னுச்சு."

"ம்."

"விட்டிருக்கலாம். ஒருத்தரும் உன்னைக் குத்தம் சொல்ல முடியாது. மாமனார் பேரு."

"உனக்காகக் கூப்பிட்டேன்னு நினைச்சுக்காத," என்றாள் திசெபோ. "அந்த மசேருக்காரி போறதுக்கு நீயே போய்த் தொலைன்னுதான் கூப்பிட்டேன். உன்னைப் பாத்தா எனக்கு இன்னும் வயிறு எரியுது. இப்பவும் எரியுது."

"தெரியும்டீ. மழைக்கோட்டை மாவு மேல போட்டப்பவே தெரியும்," என்றாள் கராபோ. "ஒரு வருஷமாவது சண்டை போட்டிருக்கலாம்ல என்கூட? மாமா பேரைச் சொல்லி என்னை ஒரேயடியா ஒதுக்கிட்ட. சண்டை போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்."

திசெபோ கரண்டியால் சட்டியைத் துழாவினாள். எடுத்துக் கொடுத்தது நடுத்தரமான உருண்டை. பெரியதெல்லாம் அப்படியே சட்டியில்தான் இருந்தது.

பெயர் சொன்ன விஷயம் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. மாமியார் இரண்டு வாரம் மருமகளோடு பேசவில்லை. குழாயடியில், "இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை இப்படிக் கொட்டிக் கவுத்துட்டாளே," என்று உச்சுக்கொட்டினார்கள். கிழவர்தான் ஒரு கோழி அடிக்கச் சொல்லி, அதன் காலைத் தானே தின்று, விஷயத்தை முடித்துவைத்தார்.

ஆஸ்திரேலியாவில் தொடக்க விழா நடந்தபோது எங்களுக்குப் பட்டப்பகல். கடைக்காரர் வீட்டில் நிற்க இடமில்லை. மாமனாருக்கு முன்வரிசையில் நாற்காலி, அவர் பின்னால் திசெபோ, சுவரோரம் மாமியார். பெரிய நாடுகளெல்லாம் போய்க்கொண்டே இருந்தன. பிறகு எங்கள் நாட்டின் பெயர் கேட்டது. முன்னால் ஒருத்தி, கம்பளி போர்த்தி, கூம்புத் தொப்பி வைத்து, கொடியைப் பிடித்து நடந்தாள். கூடம் முழுக்க "கராபோ! கராபோ!" என்று கூச்சல். பக்கத்தில் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

திசெபோவுக்கு வயிறு பற்றிக்கொண்டது. அதே எரிச்சல், அதே இடத்தில். ஒரு துளி குறையவில்லை. முன்பெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கலாம், மருமகள் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். இப்போது அதுவும் போயிற்று. மாமியார் கண் அவள் மேலேயே இருந்தது.

திரையில் காற்றடித்தது, கராபோவின் கையில் கொடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கராபோ!" என்று கத்தினாள் திசெபோ. கூச்சலெல்லாம் அடங்கிப் போகிற மாதிரிக் குரல். "கொடியை நேராப் பிடிடீ! கை என்ன சோளக்களியா?"

முன்னால் கிழவர் மெல்லத் திரும்பினார். "என் கையில கொடி இல்லையேம்மா," என்றார்.

கூடமே சிரித்தது. சுவரோரம் மாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். திசெபோ சிரிக்கவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். அங்கே கராபோ கொடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய் மறைந்தாள்.

"நானா இருந்தா சாய விட்டிருக்கவே மாட்டேன்," என்றாள்.